மண் ஆணிக்கும் ஒரு முகவரி இருக்கு

"ஆயிரக்கணக்கில கிடக்கிற மண் ஆணி. ஒண்டு ரெண்டை வித்தால் என்ன நட்டம்?" பழம்பொருள் சேகரிப்பாளர்களின் இந்த நியாயம் எங்களுக்குப் புளிச்சுப்போச்சு.

தெற்கு ஈராக்கில் தெல்லோ என்ற மேடு. சுமேரியர் காலத்தில் அதன் பெயர் கிர்சு. ஏறத்தாழ 4,100 வருடங்களுக்கு முதல் லகாஷை ஆண்ட குடேயா, அங்கே நின்கிர்சு தெய்வத்துக்கு எனின்னு கோயிலைக் கட்டினான். ஒரு சாண்கூட வராத களிமண் கூம்புகளில் எழுதி, சுவருக்குள் செருகி மூடிவிட்டார்கள். யார் கட்டினது, யாருக்கு, எந்தக் கோயில்: அவ்வளவுதான் எழுத்து. கும்பிட வாறவன் வாசிக்கவே ஏலாது. வாசிக்கவேண்டியது தெய்வமும், எப்பவோ ஒருநாள் அந்தச் சுவரைத் திருத்தப்போற இன்னொரு அரசனும்தான்.

அப்ப, அந்த எழுத்தில பாதி அது இருந்த சுவர். பிடுங்கி எடுத்தால் மிச்சம் கண்ணாடி அலுமாரிக்கு ஒரு அலங்காரம்.

2003இல் லண்டன் பொலிஸ் ஒரு வியாபாரியிடம் எட்டுப் பொருட்களைப் பிடித்தது. ஒரு பத்திரமும் இல்லை. அதில் மூன்று இப்படியான கூம்புகள். எங்கேயிருந்து வந்தவை என்று எப்படித் தெரிந்தது? தெல்லோவில் கிண்டிக்கொண்டிருந்த பிரித்தானிய நூதனசாலைக் குழு, அதே வாசகமுள்ள கூம்புகளைக் கோயில் சுவரிலேயே கண்டது. பக்கத்தில் கொள்ளையர் வெட்டின குழிகள். 2018இல் எட்டும் ஈராக்கிடம் போயின. "ஆயிரத்தில் ஒண்டு" என்று சொல்லுறவை கவனிக்கவும்: மற்றக் கூம்புகள் இடத்தில இருந்தபடியால்தான் இந்த மூன்றுக்கும் வீடு கிடைச்சது.

வாங்கிறவை அப்பாவிகளும் இல்லை. அமெரிக்காவின் ஹாபி லொபி நிறுவனம் 2010இல் 16 லட்சம் டொலருக்கு வாங்கின ஈராக்கியப் பழம்பொருட்கள் எப்படி வந்திறங்கின தெரியுமா? பார்சலில் "ரைல்ஸ் சாம்பிள்" என்று எழுதி! 2017இல் பொருட்களையும் இழந்து 30 லட்சம் டொலரும் கட்டச் சம்மதித்தார்கள். களவு என்று தெரியாதவன் ஏன் பெயரை மாத்தி எழுதவேணும்?

மூன்று கூம்பைத் திருப்பிக் குடுத்ததுக்குக் கைதட்டுவம், சரி. ஆனா அதே எனின்னுவைக் கட்டின கதையை முழுசாச் சொல்லுற குடேயாவின் இரண்டு பெரிய களிமண் உருளைகள், 1877இல் அதே தெல்லோவில் எடுத்தவை, இன்றைக்கும் பாரிஸ் லூவரில்தான் இருக்கு. அதைப் பற்றியும் கேட்பம்.