கிழக்கின் சபைக்குத் தேர்தல் வேண்டும்



கொழும்புக்குச் சரக்கேற்றிச் செல்லும் தோணிகளை நம் தூத்துக்குடித் துறைமுகம் தலைமுறைகளாக அறியும். காயல்பட்டினத்திலோ கொழும்பு வணிகத்தின் உறவறியாத தெருவே இல்லை எனலாம். ஆகவே அக்கரைச் சகோதரர்களின் நிலை நமக்கு அயல்நாட்டுச் செய்தியன்று.

இலங்கையின் கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்து கலைந்தது. அதன்பின் தேர்தல் நடத்தப்படவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே நிர்வாகத்தை நடத்துகிறார்.

"தமிழர் கை ஓங்குவதைவிட ஆளுநர் ஆட்சியே நமக்குப் பாதுகாப்பு" என்போர் நம்மவருள் உண்டு. அவ்வச்சத்தை நாம் இகழோம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். அவ்வடு எளிதில் ஆறாது.

ஆயினும் 2015-ஐயும் நினைவுகூர வேண்டும். 37 பேர் கொண்ட அச்சபையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11 இடங்கள்; முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. அவ்வாறிருந்தும் முஸ்லிம் காங்கிரஸின் ஹாபிஸ் நஸீர் அகமது முதலமைச்சரானார். கூட்டமைப்பினர் அவரது அமைச்சரவையில் இடம்பெற்றனர். தமிழரிடையே மனக்குறை எழாமலில்லை. எனினும் எந்தச் சமூகத்துக்கும் தனிப் பெரும்பான்மையில்லாத கிழக்கில், கூடி ஆள இயலும் என்பதற்கு அதுவே சான்று. ஆளுநர் மாளிகையில் அத்தகைய மஷூராவுக்கு இடமேது? கலந்தாலோசனையின் பெயராலேயே 'அஷ்ஷூரா' என்றொரு அத்தியாயம் திருக்குர்ஆனில் உள்ளதே!

தடையாயிருப்பது 2017-ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம். தொகுதிமுறையைக் கலந்த அச்சட்டத்தால், சிதறி வாழும் முஸ்லிம்கள் இடங்களை இழப்பர் என்ற கவலை நியாயமானது. அதற்கென வரையப்பட்ட எல்லை அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. அனைவரும் மறுத்த அறிக்கைக்காகத் தேர்தலை முடக்குவது என்ன நீதி? பழைய விகிதாசார முறைக்கே திரும்பும் திருத்தமொன்றை நிறைவேற்றினால் போதும். அத்திருத்தத்தைத் தமிழ் உறுப்பினர்களோடு சேர்ந்து முஸ்லிம் உறுப்பினர்களே முன்னின்று கோர வேண்டும் என்பது நம் கருத்து. கொழும்பிலும் காத்தான்குடியிலும் உறவுள்ளோர் அடுத்த தொலைபேசி அழைப்பில் இதனையும் பேசுங்கள்.