பிரின்ட்எஃப் மேல் பழி போடாதீர்கள்!

கரியமாணிக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: "சி புரோகிராமோடு அசெம்பிளி ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்தேன். அதற்குள்ளிருந்து பிரின்ட்எஃப்-ஐ அழைத்தால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. தோழியின் லேப்டாப்பில் மட்டும் ஓடுகிறது. அடுத்த வாரம் வைவா!"

பயப்படாதீர்கள். ஜிடிபி-யில் ஓடவிட்டு, விழுந்ததும் 'எக்ஸ்/ஐ $பிசி' கொடுங்கள். 'மூவ்ஏபிஎஸ்' என்று வந்தால் திருடன் அகப்பட்டான்: ஸ்டாக் கோணல்.

64 பிட் லினக்ஸில் ஒரு ஃபங்ஷனை அழைக்கும் நேரத்தில் ஸ்டாக் பாயின்டர் 16-ஆல் வகுபட வேண்டும். உங்கள் ஃபங்ஷனுக்குள் நுழைந்ததுமே ரிட்டர்ன் முகவரி 8 பைட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் தொடக்கத்தில் ஆர்எஸ்பி-யிலிருந்து 8 கழியுங்கள். 'ரெட்'டுக்கு முன் கூட்டிவிடுங்கள். ஆர்பிஎக்ஸ்-ஐ ஏற்கெனவே 'புஷ்' செய்திருந்தால் அந்த 8 அங்கேயே நேராகிவிடும். மறுபடி கழித்தால் மறுபடி கோணல்தான். (நானும் இதில் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டவன்.)

தோழிக்கு ஓடியது அதிர்ஷ்டம். அவர் லைப்ரரியில் அந்த இன்ஸ்ட்ரக்ஷன் குறுக்கே வந்திருக்காது.

இன்னொன்று: ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை இரவல் பாத்திரங்கள். தொட்டால் பழைய மதிப்போடு திருப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால் சி பக்கம், சம்பந்தமே இல்லாத வரியில் விழும்.

சென்னை ஐஐடி-யின் 'சக்தி' பிராசஸருக்கு எழுதினாலும் 16 கணக்கு இதேதான். ஆனால் ரிஜிஸ்டர் பெயர்கள் வேறு; ரிட்டர்ன் முகவரியும் ஸ்டாக்கில் ஏறாமல் ரிஜிஸ்டரிலேயே வருவதால், அந்த 8 கழிக்கும் வேலை அங்கே இல்லை.