அரசு லேப்டாப்பில் பிஎஸ்பி கேம் ஓடுமா? எமுலேட்டரை எப்படித் தேர்வு செய்வது?

நெல்லையில் இப்போது ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை அரசு லேப்டாப்களைப் பார்க்கலாம். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்கா வாங்கியது ஒன்று. ‘இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு’ என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் தம்பிக்கு வருவது இன்னொன்று. முதல் லேப்டாப்பில் 2 ஜிபி ரேம். புதியதற்கான டெண்டரில் கேட்கப்பட்டது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி.

செமஸ்டர் லீவு வந்ததும் இரண்டைப் பற்றியும் எழும் கேள்வி ஒன்றுதான்: பிஎஸ்பி கேம் ஓடுமா?

பிஎஸ்பி என்றதும் உத்தரப் பிரதேசக் கட்சி நினைவுக்கு வந்தால், அது இல்லை. சோனி 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் போர்ட்டபிள். மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வளைகுடாவில் வேலை பார்க்கும் மாமா, சித்தப்பாக்கள் லீவுக்கு வரும்போது சாக்லேட், சென்ட்டோடு பெட்டியில் இதுவும் வந்த காலம் உண்டு. 2014-ல் சோனி இதன் விற்பனையை முடித்துக்கொண்டது. பேட்டரி உப்பிப்போய் பீரோவில் கிடக்கும் கருவிக்குப் பதிலாகத்தான் பலர் எமுலேட்டரைத் தேடுகிறார்கள். தேடியதும் நூறு டவுன்லோட் பட்டன்கள் வந்து நிற்கும். குழப்பமே அங்கிருந்துதான் ஆரம்பம்.

லேப்டாப்புக்குள் ஒரு துபாஷி

ஒரு கருவிக்காக எழுதிய கேமை இன்னொரு கருவியில் ஓட வைப்பதுதான் எமுலேட்டர். பிஎஸ்பியின் சிப் பேசுவது மிப்ஸ் பாஷை. நம் லேப்டாப்பின் இன்டெல், ஏஎம்டி சிப்கள் பேசுவது எக்ஸ்86. நடுவில் துபாஷி வேலை பார்ப்பது இந்த சாஃப்ட்வேர்.

முதல் பிஎஸ்பியின் ரேம் வெறும் 32 எம்பி. சிப்பின் அதிகபட்ச வேகம் 333 மெகாஹெர்ட்ஸ். அக்காவின் பழைய லேப்டாப்பே அதைவிடப் பல மடங்கு பெரிசு. பிறகு ஏன் திணறுகிறது? மொழிபெயர்ப்பதற்கே பெரும் உழைப்பு தேவைப்படுவதால்தான். ஒரே வரியை ஒவ்வொரு முறையும் புதிதாக மொழிபெயர்க்கும் துபாஷி வேலைக்கு ஆக மாட்டார். ஒருமுறை மொழிபெயர்த்ததை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே எடுத்து நீட்டுபவர்தான் வேண்டும். இந்த முறைக்கு ஜிட் என்று பெயர். ஹென்ரிக் ரிட்கோர்ட் 2012-ல் வெளியிட்ட பிபிஎஸ்எஸ்பிபி, மெலிந்த கம்ப்யூட்டர்களிலும் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

‘உங்களிடம் என்ன கேட்கிறது?’

‘ஆயிரம் கேம் ஓடும்’, ‘4கே தரம்’ போன்ற விளம்பரங்களை ஓரமாக வைத்துவிடலாம். ஒரு எமுலேட்டரை எடைபோட நல்ல வழி, அது பயனரிடம் என்னென்ன கேட்கிறது என்று பார்ப்பதுதான்.

பிபிஎஸ்எஸ்பிபி கேமைத் தவிர எதுவும் கேட்பதில்லை. பிஎஸ்பியின் சிஸ்டம் சாஃப்ட்வேர் செய்யும் வேலைகளை அதுவே செய்துவிடுகிறது. நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸுக்கான எம்ஜிபிஏவும் அப்படியே. கருவி ஆன் ஆனதும் ஓடும் பயாஸ் என்ற ஃபைலுக்கு மாற்றாகச் சொந்தமாக ஒன்றை வைத்திருக்கிறது. இரட்டைத் திரை நின்டெண்டோ டிஎஸ்-க்கான மெலன்டிஎஸ், முன்பு அசல் கருவியின் பயாஸ் ஃபைலைக் கேட்டது. இப்போது அதிலும் மாற்று பயாஸ் உள்ளேயே இருக்கிறது.

மாறாக, ஒரு எமுலேட்டர் கேமின் பூட்டைத் திறக்கும் சாவி ஃபைலைக் கேட்டால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தச் சாவி உங்கள் சொந்தக் கருவியிலிருந்து வரவில்லை என்றால், யாரோ இணையத்தில் போட்டதாகத்தான் இருக்கும். அங்கே வைரஸ் வரலாம், வழக்கும் வரலாம்.

இந்தச் சாவியில்தான் யூசு மாட்டியது. நின்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டரான யூசு மீது 2024 பிப்ரவரி 26-ல் அமெரிக்காவில் நின்டெண்டோ வழக்குப் போட்டது. ஒரு செல்டா கேம் அதிகாரபூர்வமாக வெளிவரும் முன்பே பத்து லட்சம் முறைக்கு மேல் சட்டவிரோதமாக டவுன்லோட் செய்யப்பட்டது என்பது புகாரில் ஒரு வரி. பூட்டை உடைக்கத் தயாரான சாஃப்ட்வேர் இது என்பது மையக் குற்றச்சாட்டு. ஒரே வாரத்தில், மார்ச் 4-ல், 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு யூசு குழு கடையை மூடியது. அதே குழுவோடு தொடர்புடைய 3டிஎஸ் எமுலேட்டர் சிட்ராவும் போனது. அதே ஆண்டு அக்டோபரில் ரியூஜின்எக்ஸும் மறைந்தது.

கவனிக்க வேண்டியது: இது சமரசம்தான், தீர்ப்பு இல்லை. எமுலேட்டர் எழுதுவதே தப்பு என்று எந்த நீதிபதியும் இதில் சொல்லவில்லை. 2000-ம் ஆண்டில் சோனி - கனெக்டிக்ஸ் வழக்கில், போட்டி எமுலேட்டர் செய்வதற்காக பிளேஸ்டேஷனின் பயாஸைப் பிரித்துப் படித்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024 ஏப்ரலில் ஆப்பிளே தன் ஆப் ஸ்டோரில் ரெட்ரோ கேம் எமுலேட்டர்களை அனுமதித்தது. மே மாதம் பிபிஎஸ்எஸ்பிபி அங்கே வந்துவிட்டது.

சிட்ராவின் கிளைகள் சேர்ந்து 2025-ல் அஸஹார் என்ற பெயரில் வந்தன. பூட்டிய நிலையில் உள்ள கேம் ஃபைல்களை அது திறக்கவே திறக்காது. யூசு கதையிலிருந்து எடுத்த பாடம் என்றே தோன்றுகிறது.

பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க

இன்ஸ்டால் செய்ததும் முதல் நிமிஷம் எல்லாமே ஜோராக ஓடும். அதை நம்ப வேண்டாம். பாளையங்கோட்டையில் வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் மே மாதத்தில், ஃபேனில் தூசி அடைத்த லேப்டாப் சீக்கிரமே சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அப்போதுதான் எமுலேட்டரின் உண்மையான எடை தெரியும்.

முதலில் காதைத்தான் கேட்க வேண்டும். படம் தடுமாறுவதற்கு முன்பே ஒலி கரகரக்கத் தொடங்கும். பிபிஎஸ்எஸ்பிபியில் வேகத்தைச் சதவீதமாகக் காட்டும் வசதி உண்டு. பத்து நிமிஷத்துக்குப் பிறகும் அது 100-ஐ ஒட்டி நின்றால் சரி. ‘ஃப்ரேம் ஸ்கிப்’ ஆனில் இருந்தால் ஆஃப் செய்துவிட்டு அளக்கணும், இல்லையென்றால் சில காட்சிகளை முழுங்கிவிட்டு வேகமாக ஓடுவதுபோல் நடிக்கும்.

அக்கா லேப்டாப்பில் அசல் பிஎஸ்பியின் 480க்கு 272 அளவிலேயே ஓட்டுவது நல்லது. பழைய இன்டெல் கிராபிக்ஸில் வல்கன் கிடைக்காது, ஓபன்ஜிஎல்தான். புதிய லேப்டாப்பில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்றிப் பார்க்கலாம். கேம் பாய் அட்வான்ஸின் சிப் 17 மெகாஹெர்ட்ஸைக்கூடத் தொடாது என்பதால், எம்ஜிபிஏ பழையதிலும் பிரச்சினை தராது. அஸஹாரைப் பழையதில் முயல்வது நேர விரயம்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது. எமுலேட்டரின் ‘சேவ் ஸ்டேட்’டை மட்டும் நம்பக் கூடாது. சாஃப்ட்வேர் அப்டேட் ஆனதும் பழைய சேவ் ஸ்டேட் திறக்காமல் போகலாம். கேமுக்குள்ளேயே இருக்கும் சேவ் வசதியையும் பயன்படுத்துவது புத்திசாலித்தனம்.

சரி, கேம் எங்கிருந்து வரும்?

‘பழைய கேம்தானே, யார் கேட்கப் போறா?’ என்பது வழக்கமான பதில். இந்தியாவில் காப்புரிமை குறைந்தது 60 ஆண்டு நிற்கும். 2005-ல் வந்த கேமுக்கு 2065 வரையாவது உரிமையாளர் உண்டு. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு ப்ரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால், சிறை இல்லாமல் 50 ஆயிரம் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

அதே சட்டத்தின் 52-வது பிரிவு, நேர்மையாக வாங்கிய ப்ரோகிராமுக்கு, அது தொலைந்தால், பழுதானால் என்று பேக்கப் எடுக்க அனுமதிக்கிறது. பூட்டை உடைப்பது பற்றிய 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கம் இருந்ததா என்றுதான் பார்க்கிறது. அமெரிக்கச் சட்டத்தைவிட இது சற்று இளக்கம். ஆனால் கேம் என்பது ப்ரோகிராம் மட்டுமில்லை, இசை, படம், கதை எல்லாம் சேர்ந்தது. பேக்கப் விதிவிலக்கை இஷ்டத்துக்கு நீட்டிவிட முடியாது. சொந்த டிஸ்க்கிலிருந்து சொந்தமாக எடுத்த பிரதி என்பது வலுவான நிலை. டெலிகிராம் சேனலில் வந்த ஃபைலுக்கு அந்த வலு கிடையாது.

சட்டத்தின் இந்தக் கறாருக்கு ஒரு விலையும் இருக்கிறது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023 ஆய்வு சொன்னது. 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ் ஆன்லைன் ஸ்டோரில் விற்பனையை நிறுத்தியது. நம் ஊர் உதாரணமும் உண்டு. கபடி, கிட்டிப்புள் எல்லாம் வைத்து ஹைதராபாத்தின் கேம்சாஸ்த்ரா உருவாக்கிய ‘தேசி அட்டா’வை சோனி பிஎஸ்பிக்கும் வெளியிட்டது. இன்று அதைக் காசு கொடுத்துப் புதிதாக வாங்க நினைப்பவர் பழைய பொருள் சந்தையில்தான் டிஸ்க்கைத் தேட வேண்டும். அந்த டிஸ்க்குகளும் ஒருநாள் கெடும். அப்போது கபடியை ஓட்டிக்காட்ட எமுலேட்டரைத் தவிர வேறு வழி இருக்காது.

காசோ பயமோ இல்லாமல் முயல நினைப்பவர்களுக்கு ஹோம்ப்ரூ இருக்கிறது. பழைய கருவிகளுக்காக ஆர்வலர்கள் இன்றும் புதிதாக எழுதி இலவசமாகத் தரும் கேம்கள் இவை. பிபிஎஸ்எஸ்பிபிக்கு உள்ளிருந்தே சிலவற்றை டவுன்லோட் செய்ய முடியும். எமுலேட்டரை அதன் சொந்தத் தளமான பிபிஎஸ்எஸ்பிபி டாட் ஆர்க்கிலிருந்து எடுத்தால் போதும், இலவசம். ‘கோல்டு’ என்று ஒரு பதிப்பு விலைக்கு உண்டு. வசதிகள் இரண்டிலும் ஒன்றுதான், அந்தக் காசு அதை உருவாக்கியவருக்குப் போகிறது.