பெயர் மாறிய தீவுகளும் பழைய பதிவேடுகளும்

அந்தமான் தீவுகளில் ராஸ் என்னும் பெயர் இரண்டு தீவுகளுக்கு வழங்கி வந்தது. ஒன்று தலைநகரின் துறைமுகத்துக்கு எதிரே உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் நிர்வாகத் தலைமையிடமாக விளங்கியது. மற்றொன்று வடக்கே திக்லிபூருக்கு அருகில், கடல் வற்றும் வேளையில் மணல்திட்டு ஒன்றினால் ஸ்மித் தீவுடன் இணைந்து தோன்றுவது. 2018 டிசம்பர் 30 அன்று முதலாவது ராஸுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனவும், நீல் தீவுக்கு ஷஹீத் தீவு எனவும், ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு எனவும் புதுப் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. வடக்கேயுள்ள ராஸ் அந்த அறிவிப்பில் இடம்பெறவில்லை.

பதிவேடுகளைத் திருத்தும் பொறுப்பு கள ஊழியரிடம் வந்து சேரும்போதுதான் இதன் சிக்கல் விளங்கும். "ராஸ் என்று கண்ட இடமெல்லாம் புதுப் பெயரை இடுக" என்று கணிப்பொறிக்குக் கட்டளையிடுவது எளிது. ஆனால் அக்கட்டளை இரண்டு தீவுகளையும் ஒன்றாக்கிவிடும். பின்னர் பெயர்வாரியாகக் கூட்டுகையில், திக்லிபூர்ப் பகுதியில் எடுத்த கணக்கு தலைநகரத் தீவின் கணக்கோடு கலந்துபோகும். நீல் கேந்திரா என்ற கிராமத்தின் பெயரும் பாதி மாறி, எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர் ஒன்று உண்டாகும். தவறு நேர்ந்ததாக எந்த எச்சரிக்கையும் வராது.

இத்தகைய கோப்புகளில் ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. காற்புள்ளியோ வேறு குறியோ வரியைக் கட்டங்களாகப் பிரிக்கும். இவற்றுக்கென்றே 1977-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் "ஆக்" என்னும் நிரல்மொழியை ஆக்கினர். அவர்களுடைய பெயர்களின் முதலெழுத்துகளே மொழிக்குப் பெயராயின. அதன் முறை மிக எளியது: முதலில் நிபந்தனை, அடுத்துச் செயல். தீவுக் கட்டத்தில் இருப்பது முழுமையாக "ராஸ்" என்பதே ஆகி, தாசில் கட்டத்தில் "போர்ட் பிளேர்" இருந்தால் மட்டும் தீவுக் கட்டத்தை மாற்றுக. ஏனைய வரிகளை உள்ளவாறே எழுதுக. இரண்டே வாக்கியங்களில் அடங்கும் இந்நிரல் பத்தாயிரம் வரிகளிலும் ஒரே விதமாக நடந்துகொள்ளும். மாலை நேரத்துக் களைப்பு அதற்குக் கிடையாது.

எனினும் நிரலுக்கும் சில குணங்கள் உண்டு. ஒரு கட்டத்தை மாற்றியவுடன் ஆக் அந்த வரியைப் புதிதாகக் கோக்கும். வெளியீட்டுக்கும் காற்புள்ளியே பிரிகுறி என்று முன்கூட்டிச் சொல்லாவிடில், மாறிய வரிகளில் மட்டும் இடைவெளி வந்து அமர்ந்துவிடும். குறிப்புக் கட்டத்தில் ஊழியர் "மழை, பலத்த காற்று" என்று எழுதியிருந்தால், அக்காற்புள்ளியையும் பிரிகுறியாகக் கொண்டு, அதற்கு வலப்புறமுள்ள கட்டங்கள் யாவும் ஓரிடம் நகர்ந்துபோகும். அப்போது நிபந்தனை வேறொரு கட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். தாவற்குறியால் பிரித்த கோப்புகளில் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

மாவட்ட எண்களில் இதைவிடக் கடினமான நிலை உண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கில் அந்தமான், நிக்கோபார் என்று இரண்டே மாவட்டங்கள். 2006-இல் வடக்கு மத்திய அந்தமான் தனி மாவட்டமாயிற்று. ஆகையால் பழைய "அந்தமான்" என்ற ஒரே மதிப்பை, தாசில் திக்லிபூர், மாயாபந்தர், ரங்கத் ஆகியவற்றில் ஒன்றாயின் 639 எனவும், போர்ட் பிளேர், ஃபெரார்கஞ்ச், லிட்டில் அந்தமான் ஆயின் 640 எனவும் 2011-ஆம் ஆண்டு எண்களால் மாற்றவேண்டும். பக்கத்துக் கட்டத்தைப் பாராமல் இதை எவராலும் செய்ய இயலாது.

இனி, பழைய பெயரை அழிப்பதே முறையா? 2011-இல் எடுத்த கணக்கில் ஹேவ்லாக் என்று எழுதியவர் பிழை செய்யவில்லை. அன்று அதுவே அத்தீவின் பெயர். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் அறிவிக்கப்பட்டதற்காக 2011-ஆம் ஆண்டுத் தாசில் பெயரைத் திருத்தினால், அச்சிட்ட அறிக்கையோடு கோப்பு ஒத்துவராது. மேலே சொன்ன நிபந்தனைகளும் பொருந்தாமல் போகும். பழைய கட்டத்தை அப்படியே விட்டு, "இன்றைய பெயர்" என்று புதுக் கட்டம் ஒன்றை நிரலால் சேர்ப்பதே தக்கது. கோப்பு சற்றுப் பெருக்கும் என்பது உண்மை. ஆயினும் அது பொருட்படுத்தத் தக்க செலவன்று. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, நிரலையும் தேதியிட்டு அதனருகே வைத்தால், எது ஏன் மாறியது என்பதைப் பின்வருபவர் படித்தறியலாம். கையால் செய்த திருத்தத்துக்கு அத்தகைய சாட்சி இராது.

ஆசிரியர்கள் இதைப் பத்து வரிக் கோப்பொன்றில் மாணவர்க்குக் காட்டலாம். போர்ட் பிளேர் தாசிலின் ராஸ் மூன்று வரிகளிலும், திக்லிபூரின் ராஸ் இரண்டு வரிகளிலும், நீல் கேந்திரா ஒரு வரியிலும் வரட்டும். நிரலை இயக்குமுன், மாறவேண்டிய வரிகள் எத்தனை என்று மாணவர் எழுதிவைக்கவேண்டும். இயக்கியபின் ஐந்து வரிகள் மாறியிருந்தால், எந்த நிபந்தனை விடுபட்டது என்று அவர்களே தேடட்டும்.