குடிநோய்க்கும் கொடையாளர் வேண்டும்

அமராவதி ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் விளையும் திருப்பூர் மாவட்டப் பேரூர் கொமரலிங்கம். ஆனாலும் விடிவதற்கு முன்பே ஊருக்குள் வந்து நிற்கும் மில் வேனை நம்பித்தான் அங்கே பல குடும்பங்கள் நடக்கின்றன. பஞ்சாலையிலும் பனியன் கம்பெனியிலும் வாங்கும் கூலியில் ஒரு பங்கு மதுக்கடைக்குப் போவதை ஊரில் யாரும் மறைத்துப் பேசுவதில்லை. குடியை விட விரும்புகிற ஒருவர் தங்கிச் சிகிச்சை பெற எங்கே போவார் என்று கேட்டால்தான் பதில் வர நேரமாகிறது. பெரும்பாலும் திருப்பூருக்கோ கோவைக்கோ போக வேண்டும். அத்தனை நாள் கூலியும் போகும், வீட்டில் அடுப்பும் எரியாது. அதற்கு அஞ்சியே பலர் அந்தப் பயணத்தைத் தொடங்குவதில்லை.

இது கொமரலிங்கத்தின் தனித் துயரம் அல்ல. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு 2023-24-இல் கிடைத்த வருவாயோ 45,855 கோடி ரூபாய். அந்த வருவாயில் ஒரு பகுதியைச் சிகிச்சைக்கென்று ஒதுக்க வேண்டியது அரசின் கடமை. இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அரசு செய்யட்டும் என்று திருப்பூர் தொழில் உலகம் ஒதுங்கி நிற்பதை ஏற்க முடியாது.

கொங்கு நாட்டுக்குக் கொடை புதிதல்ல. கோவையில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-இல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து எழுந்த கல்லூரிகளும் மருத்துவமனையும் இன்றும் நிற்கின்றன. நம் காலத்தில் திருப்பூர்த் தொழிலதிபர்கள் கைகோத்து 2015-இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கம் பல லட்சம் மரக்கன்றுகளை நட்டிருக்கிறது. கோயில், பள்ளி, மரம் என்றால் நீளும் கை, போதை மீட்பு என்றதும் சுருங்குவது ஏன்? குடிப்பவன் தானே தேடிக்கொண்ட கேடு என்ற எண்ணம்தான் காரணம். கல்வெட்டில் பெயர் பொறிக்க ஏற்ற காரியம் இதுவல்ல என்ற தயக்கமும் உண்டு.

இந்தத் தயக்கத்தை ஒரு பெண் உடைத்திருக்கிறார். சென்னையின் செல்வாக்கு மிக்க டி.டி.கே. குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன், 1979-இல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். குடும்பத்துக்குள் புதைத்துவிடக்கூடிய அந்த வேதனையை அவர் ஊரறியச் சொன்னார். குடும்பத்தின் ஆதரவோடு 1980-இல் கணவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் மருத்துவமனையில் சிகிச்சையும் ஆய்வும் பயிற்சியும் சேர்ந்தே நடந்தன. நோயாளிகள் சென்னைக்கு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. காவிரிப் படுகையில் உள்ள மஞ்சக்குடியில் முகாம் போட்டார். உள்ளூர் அமைப்பு துணை நின்றது. சிகிச்சை ஊருக்கே வந்தது. அந்த அனுபவத்தை அவர் எழுதிய கட்டுரை 1994-இல் ‘அடிக்‌ஷன்’ என்ற சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தது. மஞ்சக்குடியில் முடிந்தது கொமரலிங்கத்தில் முடியாதா?

பணத்துக்கு வழியும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆவது பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நோய்த் தடுப்பும் மருத்துவமும் அந்தப் பட்டியலில் உள்ளன. சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் செய்வது இந்தக் கணக்கில் சேராது என்பதால், தனித்தனி ஆலை முகாம்களைவிட மாவட்டப் பொதுநிதியே பொருத்தம். வெளிநாட்டு நன்கொடையை எதிர்பார்த்திருப்பதும் வீண். கேட்ஸ் அறக்கட்டளை 2003-இல் தொடங்கிய ‘ஆவஹன்’ திட்டம், மணிப்பூரிலும் நாகாலாந்திலும் ஊசி வழியே போதை ஏற்றுவோரை எய்ட்ஸிலிருந்து காக்கப் பெரும் பணி செய்தது. பிறகு பணியை அரசிடம் ஒப்படைத்து விலகியது. தூரத்துக் கொடையாளர் என்றோ ஒருநாள் கிளம்பிவிடுவார். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் திருப்பூர் தன் நிதியைத் தானே திரட்டலாம்.

அந்த நிதிக்குச் சில கட்டுப்பாடுகள் தேவை. மனநல மருத்துவச் சட்டப்படி பதிவு பெறாத, அடித்தும் கட்டியும் வைக்கும் மையங்களுக்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. மது, புகையிலை நிறுவனங்களின் பணத்தை வாங்கவே கூடாது. மிதமான குடி இதயத்துக்கு நல்லதா என்று ஆராய அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தொடங்கிய சோதனைக்குப் பெருமளவு பணம் கொடுத்தவை மது நிறுவனங்களே. அது அம்பலமாகி, 2018-இல் அந்தச் சோதனையையே கைவிட நேர்ந்தது.

ஆய்வுக்கும் ஒரு பங்கு வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருப்போர் எதைப் பயன்படுத்துகிறார்கள், வலி மாத்திரைகளும் ‘கூல் லிப்’ புகையிலையும் எந்த வயதில் கைக்கு வருகின்றன என்பதை மருத்துவக் கல்லூரிகள் வழியாக அறிய வேண்டும். மதுக்கடைகளின் எண்ணிக்கையையும் நேரத்தையும் பற்றி அரசிடம் பேச அந்தக் கணக்குதான் ஆதாரம்.

ஏற்றுமதியாளர்களும் பஞ்சாலை உரிமையாளர்களும் சாயப்பட்டறைக்காரர்களும் சேர்ந்து இந்த நிதியாண்டிலேயே அந்தப் பொதுநிதியைத் தொடங்க வேண்டும். முதல் முகாமை மடத்துக்குளம் வட்டத்தில், கொமரலிங்கத்திலேயே நடத்தட்டும். முகாமில் இருக்கும் நாள்களுக்குத் தொழிலாளியின் கூலியையும் அந்த நிதியே கொடுக்கட்டும்.