ஏரிவழிப் பயணம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் பங்குகளில் எழும் கேள்வி ஒன்றுண்டு. பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதே அது. வேளாங்கண்ணிக்குப் பேருந்து பிடிப்போம். ஏலகிரிக்கு வேன் அமர்த்துவோம். இவை நல்லவையே. ஆயினும், இப்பயணங்களில் பிள்ளைகள் போய்ச் சேரும் இடத்தைக் காண்கின்றனரேயன்றி, போகும் வழியைக் காண்பதில்லை. எனவே இம்மாதம் வேறொரு பயணத்தை உங்கள்முன் வைக்க விழைகின்றோம். அதற்கு வேண்டியது ஒரு மிதிவண்டி. வழியோ நம் ஏரிக்கரைகள்.

மேனாட்டில் ஏரிகள் சூழ்ந்த பகுதிகளை மிதிவண்டியில் சுற்றி வருதல் நெடுநாளைய வழக்கம். வட இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, ஒரு குன்றின் உச்சியில், கிசல்லோ அன்னையின் சிற்றாலயம் இருக்கின்றது. செங்குத்தான ஏற்றத்தில் மிதித்து வருவோர் அன்னையின் திருமுன் இறங்கி இளைப்பாறிச் செல்வர். அவ்விடத்துக் குருவானவர் எர்மெலிந்தோ விகானோ விடுத்த வேண்டுகோளுக்கிணங்க, திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 13 அன்று அவ்வன்னையை மிதிவண்டியில் செல்வோரின் பாதுகாவலியாக அறிவித்தார். மிதிவண்டி ஏழையின் ஊர்தி என்று இகழ்வோர் இச்செய்தியை எண்ணிப் பார்ப்பாராக.

அந்நாட்டவரான கீனோ பார்த்தலியின் வரலாறும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியதே. பிரான்சு நாட்டுச் சுற்றுப் போட்டியில் 1938-இலும் 1948-இலும் வெற்றி வாகை சூடிய இவர் ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடையவர். இரண்டாம் உலகப் போரின்போது நாசிகளிடமிருந்து தப்பி மறைந்து வாழ்ந்த யூதர்களைக் காக்க, பிளாரன்சு பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தாவின் வேண்டுகோளை ஏற்று, அடையாளச் சீட்டுகளைத் தம் வண்டியின் குழாய்க்குள் மறைத்துப் பல கல் தொலைவு எடுத்துச் சென்றார். போட்டிக்குப் பயிற்சி செய்கிறார் என்றே காவலர் நினைத்தனர். உயிரோடிருந்தவரை இதனை அவர் பெரிதாகப் பேசினாரில்லை. இசுரேல் நாட்டின் யாத் வாசேம் நிறுவனம் 2013-இல், அவர் மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பின், அவரை நீதிமான்களின் பட்டியலில் சேர்த்தது. இரு சக்கரங்களும் உறுதியான நெஞ்சும் எத்துணைப் பெரிய பணிக்கு உதவின என்பதை நோக்குங்கள்!

இனி நம் ஏரிகளுக்கு வருவோம். கோமோ ஏரி பண்டைப் பனிப்பாறைகள் நிலத்தைக் குடைந்ததால் உண்டானது. அதனை எவரும் கட்டவில்லை. எவரும் காவாவிட்டாலும் அது கிடக்கும். நம் தொண்டை நாட்டு ஏரிகள் அத்தகையன அல்ல. மண்ணைச் சுமந்து, கரை உயர்த்தி, கல் அடுக்கி, மதகு வைத்து மனிதர் உண்டாக்கியவை அவை. ஆகவே, மனிதர் மறந்தால் அவை மாண்டுபோகும். இவ்வொரு வேற்றுமையை உணர்ந்தாலே நம் பயணத்தின் நோக்கம் விளங்கிவிடும்.

ஏரி என்பது தனித்து நிற்கும் பொருளன்று. மலையடிவாரத்தில் உள்ள ஏரி நிரம்பியதும், மிகுந்த நீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாய் வழியே அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழுள்ள ஏரிக்குப் போகும். தமிழகத்தில் உள்ள 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளுள் பல இவ்வாறு ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை. மேலூரார் கலங்கலை உயர்த்திக் கட்டினால் கீழூரார் வயல் காயும். கீழூரார் வரத்துக்காலைத் தூர்த்தால் அவர்தம் ஏரியே வறளும். இதனால்தான் நம் முன்னோர் ஏரியைக் காக்கத் தனி அவையே வைத்தனர். 10-ஆம் நூற்றாண்டுச் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகக் கூறுகின்றது.

முதல் வழியாக, பாலாற்று அணைக்கட்டிலிருந்து கிழக்கே செல்லலாம். வாலாஜாபேட்டைக்கு அருகில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பெற்ற அவ்வணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி எனும் நான்கு கால்வாய்கள் பிரிகின்றன. காவேரிப்பாக்கம் ஏரி தமிழகத்தின் மிகப்பெரிய ஏரிகளுள் ஒன்று. மகேந்திரவாடியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே பாறையைக் குடைந்து எடுத்த கோயிலும், அவன் பெயரால் அமைந்த ஏரியும் உள்ளன. அக்கோயிற் கல்வெட்டே ஏரியின் பெயரையும் சொல்கின்றது. ஆனால் பெங்களூர் நெடுஞ்சாலையில் பிள்ளைகளை இறக்குதல் வேண்டா. கால்வாயை ஒட்டிய ஊர்ச் சாலைகளே ஏற்றவை.

இரண்டாம் வழி, வேலூரிலிருந்து பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி வழியாக அமிர்திக்குச் செல்வது. தொலைவு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். நிலம் மெல்ல மெல்ல உயர்ந்து சவ்வாது மலையின் அடியில் நம்மைக் கொண்டு சேர்க்கும். அங்கே 1967-இல் தொடங்கப்பெற்ற சிறிய வன உயிரினப் பூங்காவும், மழைக்காலத்து அருவியும் உள்ளன. பலரும் அவற்றை மட்டுமே கண்டு திரும்புகின்றனர். வழியில் கிடக்கும் நாகநதியைக் காண்பவர் சிலரே.

அந்நதி பல்லாண்டுகள் வெறும் மணற்படுகையாய்க் கிடந்தது. கிணறுகள் வற்றின, உழவர் பலர் பிழைப்புத் தேடி வெளியேறினர். 2014 முதல், வாழும் கலை அமைப்பின் வழிகாட்டுதலோடு, ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ்ச் சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் நதிப் படுகையிலும் ஓடைகளிலும் உறைகளை இறக்கி நீர் ஊறும் கிணறுகள் அமைத்தனர். கற்களை அடுக்கித் தடுப்புகள் கட்டினர். தடுப்பு நீரின் விரைவைக் குறைக்கும். கிணறு அந்நீரை நிலத்தடிக்கு இறக்கும். முறை எளியது, உழைப்பு அரியது. 2021 செப்டம்பரில் பாரதப் பிரதமர் தம் வானொலி உரையில் இப்பெண்களின் பணியைப் போற்றினார். அமிர்தி செல்லும் பிள்ளைகள் அருவியில் குளிக்குமுன் அக்கிணறுகளுள் ஒன்றையேனும் எட்டிப் பார்த்துவிட்டுச் செல்லட்டும். மண் சுமந்த கைகளுக்கு நன்றி கூறுவதும் செபமே.

மூன்றாம் வழி இனிமையானதன்று, எனினும் விலக்கத்தகாதது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் பாலாற்றின் ஓரமாகச் செல்லும் வழியே அது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் ஆறும் ஏரியும் கெட்ட வரலாறு நாம் அறிந்ததே. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, தோல் ஆலைகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது எனக் குறித்தது. மாசு செய்தவரே அதற்குரிய இழப்பைத் தரவேண்டும் என்னும் நெறியை இந்திய நாட்டின் சட்டமாக நிலைநாட்டியதும் அத்தீர்ப்பே. 2025 சனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க நேர்ந்தது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் பொது நிலையங்கள் அமைந்துள்ளன. ஆயினும் பட்ட புண் இன்னும் ஆறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவ்விடத்தில் நாம் நிதானத்தோடு பேச வேண்டும். தோல் தொழிலால் உண்டு உடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் நம் பங்குகளில் பல. காலையில் ஆலைக்குச் செல்லும் தந்தையைப் பழிப்பது நம் கருத்தன்று. உழைப்பவனின் அப்பமும் புனிதமானது. ஊராரின் தண்ணீரும் புனிதமானது. இரண்டில் ஒன்றைக் கொன்று மற்றொன்றைக் காக்கலாம் என்பது பொய். பிள்ளைகள் அந்நீரின் நிறத்தைத் தம் கண்ணால் கண்டு, மாலையில் வீட்டில் தந்தையிடம் கேள்வி கேட்கட்டும். தந்தையும் மறைக்காமல் மறுமொழி கூறட்டும். 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் பிரிக்காமல் நோக்கும்படி நமக்குக் கற்பித்தது இத்தகைய உரையாடலுக்காகவே அன்றோ?

சென்ற தை மாதத்தில் நம் பங்கின் இளையோர் பதினால்வர் நம்மோடு ஊர் ஏரியைச் சுற்றி மிதிவண்டியில் புறப்பட்டனர். கரையைச் சுற்றுவதோடு நில்லாமல், வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிவோம் என்றாள் மாணவி ஒருத்தி. சீமைக் கருவேலம் புதர்களுக்கிடையே, சில இடங்களில் வண்டியைத் தோளில் சுமந்தும், அக்கால்வாயைத் தொடர்ந்தோம். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கால்வாய் ஒரு மதிற்சுவரில் முடிந்தது. சுவருக்கு அப்பால் ஒரு புதுவீடு. நாமே சென்று புனித நீர் தெளித்து மந்திரித்த வீடு அது! எவரும் பேசவில்லை. அவ்வீட்டாரின் மகனும் நம் குழுவில் ஒருவனாய் நின்றிருந்தான்.

வீட்டுத் தலைவர் நல்லவர், ஞாயிறு தவறாதவர். "சாமி, பணம் கொடுத்துத்தான் மனை வாங்கினேன். பத்திரம் இருக்கிறது. கால்வாய் இருந்ததென்று விற்றவர் சொல்லவேயில்லை" என்று வருந்தினார். அவர் கூறியது உண்மையே. எனினும் 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடி, மாவட்டமெங்கும் ஏரிகள் நிறைந்தபோது நம் ஊர் ஏரி மட்டும் பாதி கூட நிறையாத காரணமும், அவ்வீட்டுத் தெருவில் முழங்காலளவு நீர் தேங்கிய காரணமும் அன்று அனைவர்க்கும் ஒருங்கே விளங்கின. நீர் தன் வழியை மறப்பதில்லை. தோட்டத்தின் ஓரமாக அகன்ற குழாய் பதித்து நீரை விடலாமா என்று இப்போது பேச்சு நடந்து வருகின்றது. அதனை முதலில் எடுத்துரைத்தவன் அவர் மகனே. முடிவு இன்னும் எட்டவில்லை. அதற்காக நாம் செபிக்கின்றோம்.

காரில் சென்றிருந்தால் அக்கால்வாய் நம் கண்ணில் பட்டிராது. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் விரைவில் செல்பவனுக்கே மதகின் உடைப்பும், கரையின் அரிப்பும், ஆடு மேய்க்கும் முதியவரின் முகமும் தெரியும். எம்மாவு செல்லும் வழியில் உயிர்த்த ஆண்டவர் இரு சீடரோடு உடன் நடந்தார். வழி நெடுகப் பேசியபின்னரே அவர்கள் கண் திறந்தது. மெதுவாகச் செல்லும் வழியிலும் இறைவன் சந்திக்கின்றார்.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா எனத் தயங்கும் பெற்றோர்க்கு ஒரு சொல். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி கற்றனர். தண்ணீர் கொணரவும், விளைபொருளை விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அவர்கள் எவர் தயவையும் எதிர்பார்க்க வேண்டாதவர் ஆயினர். பின்னர்த் தமிழக அரசு, 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைப் பிற மாணவ மாணவியர்க்கும் விரித்தது. அவ்வாறு வந்த வண்டி மாடிப்படியின் அடியில் துருவேறி நிற்பதேன்? மூத்தோர் இருவர் முன்னும் பின்னும் உடன் செல்ல, குழுவாக அனுப்புங்கள். கால்வாயின் மூலத்தைத் தேடச் சொன்னவள் ஒரு மாணவியே என்பதையும் நினைவில் வையுங்கள்.

புறப்படுவோர் சிலவற்றைக் கருத்திற் கொள்க. மார்கழி முதல் மாசி வரை ஏற்ற காலம். வேலூரின் கோடை வெயிலில் செல்வதாயின் விடியுமுன் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் நிழலை அடைக. பிரேக்கை முன்னாளே சரிபார்க்க. கருவேல முள் டயரைத் துளைக்கும். பஞ்சர் ஒட்டும் பொருள்களும் காற்றடிக்கும் பம்பும் ஒருவரிடமேனும் இருத்தல் வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் தேவை. நீர் நிறைந்த ஏரியில் ஒருவரும் இறங்கலாகாது; மண் எடுத்த குழிகள் அடியில் உண்டு. ஒவ்வொரு ஏரியிலும் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் ஏரியின் பெயர், நீர் வரும் வழி, போகும் வழி ஆகிய மூன்றையும் கேட்டு ஏட்டில் குறித்துக் கொள்க. அவ்வேடுகளைப் பங்கில் சேர்த்து வைத்தால், நாளை கிராம சபையில் ஏரியைப் பற்றிப் பேசுவோர்க்கு அவை துணையாகும்.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தது. அரசு பணம் தரலாம், இயந்திரம் தரலாம். ஏரி எம்முடையது என்னும் எண்ணத்தை அரசால் தர இயலாது. அதனைக் குடும்பம்தான் ஊட்ட வேண்டும். நம் பிள்ளைகள் தம் ஊர் ஏரியின் பெயரை அறிவார்களா? அதற்கு நீர் வரும் வழியில் நம் சுவரோ, நம் குப்பையோ, நம் ஆலையின் கழிவோ நிற்கின்றதா? இவ்வினாக்களுக்கு விடை காண இவ்விடுமுறையில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். கிசல்லோ அன்னை உங்கள் பிள்ளைகளை வழியில் காப்பாராக! தண்ணீரைப் படைத்த இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!