அறிவோம் தெளிவோம்: வெளிச்சம் எழுப்பும் சத்தம்



2021 ஜூலை மாதத்தை யாங்கூனிலிருந்து வந்த குடும்பங்கள் மறக்க முடியாது. கொரோனாவின் மூன்றாம் அலை. ஆக்சிஜன் சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்றோம். எங்கள் பெரியம்மாவின் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 94 காட்டியது. அவரோ மூச்சு வாங்கித் தவித்தார். அந்த எண்ணை நம்பி ஒரு நாள் தாமதித்தோம். அது இன்றும் மனதை அறுக்கிறது.

பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் நாங்கள். ஆனாலும் காரணத்தைத் தேடிப் படித்தோம். விளங்கிய மட்டில் எழுதுகிறோம்.

ஒரு கிளாஸில் கடுந்தேநீர், இன்னொன்றில் பால். டார்ச் அடித்தால் இரண்டிலுமே மறுபக்கம் வெளிச்சம் குறையும். தேநீர் வெளிச்சத்தை விழுங்குகிறது, பால் அதைச் சிதறடிக்கிறது. வெளியே வரும் வெளிச்சத்தை மட்டும் அளந்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். நமது சதையும் பாலைப் போலத்தான். (ஒளிச் சிதறலை ஆராய்ந்து 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன், 1909-இல் ரங்கூனில் நிதித்துறை அதிகாரியாக இருந்தவர்!)

ஆக்சிமீட்டர் இரண்டு விதமான ஒளியை விரலுக்குள் செலுத்தி, மறுபக்கம் வருவதை வைத்துக் கணக்கிடுகிறது. கறுத்த தோலும் ஒளியை விழுங்குவதால் கணக்கு பிசகலாம். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 100-க்கு 12 பேர், வெள்ளையரில் 4 பேர்.

இதற்கு இன்னொரு வழி உண்டு. மெஷின் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லும் தொழிலாளர்களுக்கு அது எளிதில் விளங்கும். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், 1880-இல் வெயிலை விட்டு விட்டுப் பொருள்கள்மேல் விழச் செய்தார். அவை சத்தம் எழுப்பின. கரி பூசியவை உரக்க ஒலித்தன. விழுங்கிய ஒளி சூடாகிறது, சூட்டில் பொருள் விரிகிறது, அந்த அதிர்வே சத்தம். சிதறிய ஒளி சத்தம் போடாது.

இன்று வெயிலுக்குப் பதில் லேசர். கண நேரத் துடிப்பாக அடித்தால் ரத்தம் மெல்ல ஒலிக்கும். காதுக்குக் கேட்காத அதை, கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பது போன்ற கருவி கேட்கும். சதையில் சத்தம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், எது தோலின் சத்தம், எது ஆழத்து ரத்தத்தின் சத்தம் என்பதை வந்து சேரும் நேரமே காட்டிவிடும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் வேறு வேறு நிற ஒளியை விழுங்குவதால் அதையும் அறியலாம். ஆனால் கறுத்த தோல் மேலேயே பங்கு எடுத்துக்கொள்வதால் இம்முறையிலும் திருத்தம் தேவை.

ஆகவே அன்பர்களே, எண் நன்றாக இருந்தாலும் மூச்சு முட்டினால் காத்திருக்காதீர்கள். மணிக்கட்டு நாடியில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். "எனக்கு மூச்சு முட்டுகிறது" என்பதை இந்த ஊர் மொழியில் சொல்ல வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றே கற்றுக்கொடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.